சிரட்டை அகலத்துக்குச் சிதறும் ரவை

(‘அண்ணாச்சியைக் கேளுங்கள்’ பகுதியில் இந்த முறை ஏர் ரைஃபிள் கடிதங்கள். பதில் எழுதுபவர் பாளையங்கோட்டைக்காரர். ராணுவத்தின் தளவாடங்களைப் பராமரிக்கும் இ.எம்.இ. பிரிவில் 24 வருஷம் துப்பாக்கி பழுது பார்த்தவர். இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு 10 மீட்டர் சுடுதல் சொல்லிக்கொடுக்கிறார்.)

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். எங்க பெரியப்பா வைத்திருந்த பழைய ஏர்கன் ஒன்று பரணில் கிடந்தது. பேரலை மடக்கி லோடு பண்ணுகிற மாடல், 4.5 மில்லிமீட்டர். கட்டையைக் கறையான் தின்றுவிட்டது, இரும்பு மட்டும் நன்றாக இருந்தது. ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து ஸ்பிரிங்கும் பிஸ்டன் சீலும் புதிதாக மாற்றினேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுப் பூவரசு சாய்ந்தது, அந்த மரத்திலேயே ஆசாரி புதுக் கட்டை செதுக்கித் தந்தார். குறிபார்க்கிற ஸ்கோப்பை ஆன்லைனில் வாங்கினேன். எல்லாவற்றையும் நானே மாட்டி, மாடியில் 10 மீட்டர் அளந்து, மணல் மூட்டைமேல் அழுத்தி வைத்துச் சுட்டால் பத்து ஈய ரவையும் ஒரு சிரட்டை அகலத்துக்குச் சிதறுகிறது. ஸ்கோப்பைத் திருகித் திருகி விரல் ஓய்ந்துபோச்சு. ஆசாரி ஸ்கோப்பைக் குறை சொல்கிறார், ஸ்கோப் விற்றவர் துப்பாக்கி பழசு என்கிறார், அத்தான் என் கை நடுங்குகிறது என்கிறார். முதல் இரண்டு நாள் நல்ல புகையும் சத்தமும் வந்தது, பவர் கூடிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். யார் சொல்வது சரி?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: தம்பி, முதலில் மாடியை விட்டு இறங்குங்கள். கைப்பிடிச் சுவருக்கு மேலே தப்புகிற ரவை நாலு வீடு தாண்டிப் போகும். மாடிக்கு மாடி அப்பளம் காய்கிற ஊர் உங்கள் ஊர், எந்த மாடியில் எந்த ஆச்சி குனிந்து நிற்கிறார் என்று யாருக்குத் தெரியும்? கீழே தோட்டத்தில் மண் நிரப்பிய சாக்குகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி, அதன்முன் தாளைக் கட்டுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி. இனி விஷயத்துக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, எனக்கு வேண்டியது மட்டும் இல்லை. சிரட்டை அகலம், சரி. அந்தச் சிரட்டைக்குள் பத்து ஓட்டையும் எப்படிக் கிடக்கின்றன? செகந்திராபாத்தில் நான் தொழில் படித்தபோது எங்களுக்கு வாத்தியாராக இருந்த ஹவில்தார், பழுதான துப்பாக்கியைக் கொண்டுபோனால் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். “பஹலே காகஜ் திகாவ்” என்பார். முதல்ல தாளைக் காட்டுடா என்று அர்த்தம். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒரு நிமிஷம் பார்ப்பார், எந்தத் திருகாணியைத் தொட வேண்டும் என்று சொல்லிவிடுவார். பத்தில் எட்டு தடவை சரியாகத்தான் இருக்கும்.

ஓட்டைகள் மேலும் கீழுமாக நீண்டு கிடந்தால் ரவையின் வேகம் ஒருபோல இல்லை: எங்கோ காற்றுக் கசிகிறது, அல்லது உள்ளே எண்ணெய் எரிகிறது. பக்கவாட்டில் பரவினால் டிரிகர் இழுக்கிற விரலைப் பாருங்கள், பேரல் மூட்டில் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். ஒரே திசையில் எறும்பு வரிசைபோல் நகர்ந்துகொண்டே போனால் ஸ்கோப் மவுண்ட், அதாவது ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடிக்கிற கவ்வி, வழுக்குகிறது. இரண்டு கும்பலாக விழுந்தால் ஏதோ ஒன்று இரண்டு இடத்தில் மாறி மாறி உட்காருகிறது. சும்மா வட்டமாகப் பரவினால் ரவை, குழல்வாய், நீங்கள் பிடிக்கிற பிடி. ஆகவே புதுத் தாள் ஒன்று கட்டி, ஒவ்வொரு ரவைக்கும் நடந்துபோய் ஓட்டைக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று பென்சிலால் எழுதிவிட்டு வாருங்கள். இருபது மீட்டர் நடை, பத்து தடவை. வரிசை தெரியாத தாள் பாதித் தாள்தான்.

ஸ்கோப்பைத் திருகுவதை இத்தோடு விடுங்கள். திருகினால் கும்பல் இடம் மாறும், சின்னதாகாது. ராணுவத்திலும் சரி, என்.சி.சி.யிலும் சரி, முதலில் குரூப்பிங் (ரவைகளை ஒரே கும்பலாக விழவைப்பது), அப்புறம்தான் ஜீரோயிங் (அந்தக் கும்பலைக் குறிக்கு நகர்த்துவது). இன்னொன்றும் நடந்திருக்கும். ஸ்கோப் குமிழில் ஒரு கிளிக்குக்குக் கால் இஞ்சு என்று போட்டிருக்கும், அது 100 கஜத்துக்கான கணக்கு. 10 மீட்டரில் அதே கிளிக் 0.7 மில்லிமீட்டர்தான் நகர்த்தும். மூன்று சென்டிமீட்டர் தள்ள 40 கிளிக்குக்கு மேல் வேண்டும். நீங்கள் நாலு கிளிக் வைத்துப் பார்த்திருப்பீர்கள், சிரட்டைக்குள் அந்த மூன்று மில்லிமீட்டர் எங்கே தெரியும்? கோபத்தில் ஒரேயடியாகத் திருகியிருப்பீர்கள். குமிழ் கடைசிவரை போய்விட்டால் உள்ளே இருக்கிற சின்ன ஸ்பிரிங்குக்குப் பிடிப்பு இருக்காது, ஒவ்வொரு அதிர்ச்சிக்கும் ஸ்கோப்புக்குள் தெரிகிற குறிக்கம்பி இடம் மாறும். இரண்டு குமிழையும் அவற்றின் மொத்தத் திருப்பில் நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

நிறுத்திவிட்டு, ஸ்கோப்பைக் கழற்றி ஒரு துணியில் சுற்றி வையுங்கள். பழைய இரும்புக் குறி இருக்குமே, அதை வைத்துப் பத்து ரவை. கும்பல் சட்டென்று சுருங்கினால் ஆசாரி சொன்னது சரி. சுருங்காவிட்டால் ஸ்கோப்பின்மேல் வழக்கு இல்லை. பைசா செலவில்லாத பரிசோதனை, அதனால்தான் யாரும் செய்வதில்லை.

என் ஊகத்தைச் சொல்லட்டுமா? பாதிதான் சுருங்கும். உங்கள் கடிதத்தில் மூன்றே வார்த்தை என்னை உறுத்துகிறது: ‘வெள்ளத்தில்’, ‘பூவரசு’, ‘சாய்ந்தது’.

பூவரசு நல்ல மரம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சாய்ந்த தடி எப்போது பலகையானது? பட்டையோடு கொல்லையில் கிடக்கிற தடி வெளியே காய்ந்த மாதிரி தெரியும், உள்மரம் ஈரமாகவே இருக்கும். அறுத்து, இடையில் ரீப்பர் கொடுத்து, நிழலில் அடுக்கின நாளிலிருந்துதான் கணக்கு. இஞ்சு கனத்துக்கு ஒரு வருஷம் என்பது மர வேலைக்காரர் வாய்க்கணக்கு. துப்பாக்கிக் கட்டைக்கு இரண்டு இஞ்சுப் பலகையாவது வேண்டும். போன சித்திரையில் அறுத்து ஆனியில் செதுக்கியிருந்தால் அந்தக் கட்டை இன்னும் உங்கள் வீட்டு அலமாரியில் காய்ந்துகொண்டிருக்கிறது. மரம் சுருங்கும்போது திருகாணி லூஸ் ஆகும். யாரும் திருப்ப வேண்டியதில்லை, மரமே அதை விட்டு விலகிவிடும்.

துப்பாக்கியை வெறுமையாக்கி, பேரலைத் திறந்து பார்த்து, உள்ளே ரவை இல்லை என்று நிச்சயம் செய்துகொண்டு மடியில் வையுங்கள். முன்கட்டையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு திருகாணி, டிரிகர் கார்டில் ஒன்றோ இரண்டோ இருக்கும். தலையைச் சுற்றி விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். தலை மரத்துக்குள் இறங்கி, ஒரு பக்கம் பிறை மாதிரி கருப்பாகத் தேய்ந்திருக்கிறதா? அது ஆடுகிற திருகாணி. சரியான வாயுள்ள திருப்புளியால் இறுக்குங்கள், ஆனால் வெறி பிடித்து இறுக்காதீர்கள், பச்சை மரம் பிளக்கும். ஒவ்வொரு இருபது ரவைக்கும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். மறுபடி மறுபடி கால் திருப்பு உள்ளே போய்க்கொண்டிருந்தால் லேத் பட்டறையில் சொல்லிப் பித்தளையில் சின்னக் குழாய்போல் புஷ் கடைந்து, திருகாணித் துளைக்குள் ஒட்டிவிடுங்கள். அப்புறம் திருகாணி இரும்பையும் பித்தளையையும் பிடிக்கும், மரம் சுருங்கினாலும் பிடி போகாது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால், எங்கள் ஷெட்டில் பிள்ளைகள் பழகுகிற ஸ்பிரிங் துப்பாக்கி ஒன்று திடீரென்று இரண்டு கும்பலாகப் போட ஆரம்பித்தது. 24 வருஷம் துப்பாக்கி பழுது பார்த்த ஆர்மரர் நான் என்ன செய்தேன் தெரியுமா? அதைச் சுட்டுக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பையனைத் திட்டினேன். “ஏல, மூச்சை எங்கல விடுத?” என்று இரண்டு வாரம் வெறும் துப்பாக்கியைத் தூக்கி நிற்கவைத்தேன். பிறகு சந்தேகம் வந்து சீலை மாற்றினேன், ஸ்பிரிங்கை மாற்றினேன், கைக்காசு போனது. கடைசியில் ஒரு நாள் அந்தப் பையனே, “சார், இங்க என்னமோ டொக்குங்குது” என்று இடது முன்திருகாணியைக் காட்டினான். ஒரு முழுச் சுற்று உள்ளே போனது. அன்று சாயங்காலம் கால் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா எதற்கு என்று கேட்டார்கள், நான் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

கைச்செதுக்குக் கட்டையில் இன்னொரு இடம் பார்க்கணும். பேரலை மடக்கும்போது அடியில் ஒரு இரும்புக் கை பின்னால் போகும் அல்லவா, அது ஓடுகிற பள்ளம். ஆசாரி கச்சிதமாக இருக்கட்டும் என்று குறுகலாக வெட்டியிருப்பார். கதவு நிலைக்கு அந்தக் கச்சிதம் அழகு, இங்கே அது வினை. இதைக் கண்டுபிடிக்க ஆசாரியின் வித்தையே போதும்: காவிப்பொடியை இரண்டு சொட்டு எண்ணெயில் குழைத்து இரும்புக் கையின் இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, கட்டையை மாட்டி, ஐந்தாறு தடவை ரவை போட்டுச் சுட்டுவிட்டுக் கழற்றுங்கள். மரத்தில் எங்கே சிவப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் உரசுகிறது. உப்புத்தாள் போட்டு ஒரு தபால் அட்டை நுழைகிற இடைவெளி விடுங்கள். காவியைத் துடைத்துவிடுங்கள், உள்ளே போகக்கூடாது.

இப்போது அத்தான் சொன்னதற்கு வருவோம். கை நடுக்கம் இல்லை, ஆனால் கைமேல் தப்பு உண்டு. மணல் மூட்டையில் அழுத்தி வைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்பிரிங் துப்பாக்கியை அழுத்தவே கூடாது. டிரிகரை இழுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் அடிக்கிறது, துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. பிஸ்டன் முன்முனையில் காற்றுமேல் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னால் துள்ளுகிறது. இவ்வளவு கூத்தும் ரவை குழலை விட்டு வெளியேறுவதற்குள் நடக்கிறது. நீங்கள் அழுத்துவது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், துள்ளலும் அப்படியே. மூட்டைமேல் உங்கள் இடது கையின் பின்புறத்தை வையுங்கள். விரித்த உள்ளங்கையில், சுடுசோற்றுத் தட்டை ஏந்துகிற மாதிரி, துப்பாக்கியை எடை சமமாக நிற்கிற இடத்தில் சும்மா கிடத்துங்கள். விரல்கள் பிடிக்கக்கூடாது. தோளில் தொட்டும் தொடாமலும். உள்ளங்கை படுகிற இடத்தில் கட்டையில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, தினமும் அதே கோட்டில். இது ஒன்றிலேயே சிரட்டை தேநீர் கிளாஸ் வாய் அளவுக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

புகையும் சத்தமும் பவர் இல்லை. மெக்கானிக் உள்ளே கிரீஸை அள்ளிப் பூசியிருக்கிறார். பிஸ்டன் அழுத்துகிற காற்று சூடாகி அந்த எண்ணெய்ப் பசை தீப்பிடிக்கிறது. டீசல் எஞ்சினில் நடப்பது இதுவேதான், எங்கள் தொழிலில் இதற்குப் பெயரும் டீசலிங். ஒரு ரவைக்குக் கொஞ்சம் எரியும், அடுத்ததற்கு நிறைய எரியும், வேகம் கண்டபடி மாறும், சீலும் கருகும். நின்றுவிட்டது என்றால் நல்லது. இனி குழல் பின்வாய் வழியாக ஒரு சொட்டும் விடாதீர்கள். தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம், தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். புது ஸ்பிரிங் பதம் பெற இருநூறு முந்நூறு ரவையாவது போகட்டும், அதற்குமுன் இறுதித் தீர்ப்பு எழுத வேண்டாம். ஸ்பிரிங்கை நீங்களே கழற்றிப் பார்க்கவும் வேண்டாம், அழுத்தத்தில் இருப்பது முகத்துக்கு வரும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேரலும் உடம்பும் சேருகிற இடத்தில் ஒரு கீற்று டிஷ்யூ பேப்பரை மேலாகப் போட்டு, ரவை வைத்துச் சுடுங்கள். பேப்பர் படபடத்தால் ரப்பர் வளையம் கசிகிறது, சல்லிக் காசுக்குக் கிடைக்கும். பேரல் நுனியைப் பிடித்து இடம் வலம் அசையுங்கள், நூலளவு ஆட்டம்கூடக் கூடாது. காது குடைகிற பஞ்சுக் குச்சியைக் குழல் வாயில் விட்டு, விளிம்பில் படும்படி சுற்றி வெளியே எடுங்கள். பஞ்சு இழை ஒரே இடத்தில் சிக்குகிறதா? பரணில் கிடந்தபோது வாய் எதிலோ மோதிப் பிசிறு நிற்கிறது. அதை நல்ல கைக்காரரிடம் விடுங்கள், அரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். ரவையைக் கண்ணாடிமேல் உருட்டிப் பாருங்கள். ரவைக்குப் பாவாடை மாதிரி அடி விரிந்திருக்கும், அது நசுங்கியிருந்தால் தள்ளாடி உருளும். டப்பாவில் கால்வாசி அப்படித்தான் என்றால் டப்பாவை மாற்றுங்கள். மூன்று நான்கு ரகம் வாங்கிப் பாருங்கள், எந்தக் குழலுக்கு எது பிடிக்கும் என்று குழலைத்தான் கேட்க வேண்டும்.

எல்லாம் ஒரே நாளில் செய்யாதீர்கள். திருகாணி ஒரு நாள், ஒரு தாள். பிடி ஒரு நாள், ஒரு தாள். தாளின் மூலையில் தேதியும் செய்த வேலையும் எழுதி வையுங்கள். நாலையும் சேர்த்து மாற்றிவிட்டுச் சரியாகிவிட்டது என்றால் எதனால் என்று தெரியாது, அடுத்த வெயிலில் மறுபடி சிதறும்போது என்னிடம்தான் வந்து நிற்பீர்கள்.

கும்பல் ஒரு ரூபாய்க் காசுக்குள் வந்தபிறகு ஸ்கோப்பை மாட்டுங்கள். ஸ்பிரிங் துப்பாக்கி இரண்டு பக்கமும் உதைப்பதால் சாதாரண ஸ்கோப் உள்ளே உடையும், ஏர்கன்னுக்கென்றே செய்தது வேண்டும். மவுண்டின் அடியில் ஒரு ஆணி இருக்கிறதா, துப்பாக்கி முதுகில் அதற்கு ஒரு குழி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஆணி குழியில் உட்காராவிட்டால் மவுண்ட் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நடக்கும். கண்ணைத் தலையோடு லேசாக அசைத்தால் குறிக்கம்பி தாள்மேல் நகர்கிறதா? அது 100 கஜத்துக்குக் கட்டின ஸ்கோப், 10 மீட்டரில் உங்கள் கன்னம் ஒரு நூல் மாறினாலும் ரவை மாறும். முன்கண்ணாடியைத் திருப்பி 10 மீட்டருக்கு வைக்கிற வசதி உள்ளதாக மாற்றிக்கொள்ளுங்கள். அப்படியென்றால் ஆசாரி, கடைக்காரர், அத்தான் மூன்று பேர் சொன்னதிலும் ஆளுக்குக் கால்வாசி உண்மை இருக்கிறது. மீதிக் கால்வாசி அந்தப் பூவரசு.

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறாள். போன மாதம் வரை ஒழுங்காக 10, 9 என்று போட்டவள், இப்போது 8க்கும் 7க்கும் போகிறாள். கோச் கவனம் சிதறுகிறது என்கிறார். போனைப் பிடுங்கி வைத்துவிட்டேன். ரவை டப்பாவும் புதிது என்று அவள் சொல்கிறாள், சாக்கு சொல்கிறாளா? இந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டுமா?
– ஒரு தாய், வள்ளியூர்

பதில்: தாயி, போனைக் கொடுத்துவிடுங்கள். அல்லது இன்னும் இரண்டு நாள் வைத்திருங்கள், ஆனால் சாக்கு என்று முடிவு கட்டாதீர்கள். அந்தத் தாளில் 10 என்பது 0.5 மில்லிமீட்டர்ப் புள்ளி, சீரகத்தின் தடிமன்கூட இல்லை. 9 வளையமே 5.5 மில்லிமீட்டர்தான். ரவை 4.5 மில்லிமீட்டர். இந்தக் கணக்கில் டப்பா மாறினால் மார்க் மாறத்தான் செய்யும். பழைய டப்பாவையும் புது டப்பாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 4.49, 4.50, 4.51 என்று ரவைத் தலையின் அளவு போட்டிருக்கும், அது ஒன்றா? ஒன்றாகவே இருந்தாலும் தயாரிப்பு லாட் வேறாக இருக்கலாம்.

பந்தயத் துப்பாக்கி ஸ்பிரிங் அல்ல, சிலிண்டர்க் காற்றில் ஓடுவது. உதை கிடையாது. அதனால் அதை வைஸில் ரப்பர் கொடுத்துப் பூட்டிச் சுட்டுப் பார்க்கலாம் (மேலே கல்லிடைக்குறிச்சித் தம்பி இதைச் செய்யக்கூடாது). இரண்டு டப்பாவிலும் பத்துப் பத்து. குழலும் ரவையும் நல்ல ஜோடியாக இருந்தால் பத்து ரவையும் ஏறக்குறைய ஒரே ஓட்டையாக விழும். புது டப்பாவில் ஓட்டை பரந்திருந்தால் மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் இரண்டு பேர். இரண்டும் ஒன்றாக இருந்தால் சிலிண்டர் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 200 பார் அழுத்தத்துக்கு நிரப்புகிற சிலிண்டர் வற்றிக்கொண்டு வரும்போது ரவை கீழே விழ ஆரம்பிக்கும். பிள்ளை வளர்கிற வயசு என்பதையும் மறக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் வைத்த கட்டை நீளமும் கன்னத் தாங்கியும் இன்றைக்கு அவளுக்குப் பொருந்தாது.

லைசென்ஸ்: குழல் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமலும் சக்தி 20 ஜூலுக்கு மேல் போகாமலும் இருந்தால் வேண்டாம். மகளின் துப்பாக்கி எட்டு ஜூல் பக்கம்தான் வரும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் சுட்டது இந்த 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். மகளிடம் சொல்லுங்கள்.

கேள்வி: என் ஏர்கன்னில் இன்னும் பலமான ஸ்பிரிங் போட்டால் தூரத்தில் உட்காரும் கொக்கு, நாரை அடிக்கலாமா? இப்போது குறி தப்புகிறது.
– பெயர் வேண்டாம், மூலைக்கரைப்பட்டி அருகில்

பதில்: பெயர் வேண்டாம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், செய்யப்போவது என்ன என்று உங்களுக்கே தெரிகிறது. உங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரத்தில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வீட்டு முற்றத்து மரத்தில் கூடு கட்டினால், குஞ்சு பயப்படும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஜனங்கள் அந்த ஊர்க்காரர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஜெயில் உண்டு. உங்கள் குறி தப்புவதைச் சரி செய்ய நான் உதவப்போவதில்லை.

ஸ்பிரிங்கைப் பற்றி மட்டும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 0.53 கிராம் ரவை வினாடிக்கு 275 மீட்டர் வேகத்தைத் தொட்டால் 20 ஜூல் ஆகிவிடும், அதற்குமேல் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். பலமான ஸ்பிரிங் என்றால் உதையும் பலம், திருகாணி சீக்கிரம் லூஸ், ஸ்கோப் சீக்கிரம் காலி. குறி கெடத்தான் செய்யும்.

கேள்வி: வீட்டுக்குள் 10 மீட்டரில் நன்றாக விழுகிறது. தோட்டத்தில் 25 மீட்டர் வைத்தால் ஆடி மாதம் முழுக்க எங்கெங்கோ போகிறது. துப்பாக்கியில் கோளாறா?
– வாசகர், பணகுடி

பதில்: துப்பாக்கியில் ஒன்றும் இல்லை, உங்கள் ஊரில்தான். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்காகவே ஆயிரக்கணக்கில் காற்றாலை நட்டிருக்கிற பக்கம் அது. அந்தக் காற்றில் அரைக் கிராம் ஈயத்தை 25 மீட்டருக்கு அனுப்பினால் அது எங்கே போகும்? தப்பும் அளவு ஒரே மாதிரி இருந்தால்கூடக் கழித்துச் சுடலாம், காற்று விட்டு விட்டு அடிக்கிறது. ஒரு குச்சியில் ஊதா நூல் கட்டி, வழியில் பாதித் தூரத்தில் நட்டு வையுங்கள். நூல் தொங்குகிற நேரம் பார்த்துச் சுடுங்கள். பெரும்பாலும் அது விடியற்காலை ஐந்தரை மணிக்குத்தான் தொங்கும்.

கேள்வி: கட்டைக்கு வார்னிஷ் அடிக்கலாமா, எண்ணெய் போடலாமா?
– வாசகர், ஆழ்வார்குறிச்சி

பதில்: எண்ணெய். வார்னிஷ் பளபளக்கும், வியர்த்த கையில் வழுக்கும், உரிந்தால் ஒட்டுப் போட முடியாது. காய்ச்சின ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு, கை சுடுகிற வரைக்கும் தேய்த்து, ஒரு நாள் விட்டு மறுபடி. நாலைந்து தடவை. திருகாணித் துளைகளுக்குள்ளும், வெளியே தெரியாத உள்பள்ளத்திலும் ஒரு கை பூசுங்கள். வெளியே மட்டும் பூசினால் சாரல் காலத்து ஈரம் உள்வழியாக ஏறிக் கட்டை முறுகும். தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், வைக்கோல்போருக்குத் தள்ளி.